பேர் இல்லாத போட்டோ

எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம வேலூரை வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவது உங்களுக்குத் தெரியும்: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயில் கணக்கு 1981-லேயே நேராகிவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் இருக்கிற கோயிலுக்கு வந்து சேர்ந்தது. 2021 நவம்பரில் பாலாறும் கரை தொட்டு ஓடிக் காட்டியது. நான் இன்னொன்று சேர்க்கிறேன், பேர் இல்லாத போட்டோ. அது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

லாங்கு பஜார் பக்கம் ஒரு ஸ்டூடியோ டார்க் ரூமில்தான் நான் தொழில் கற்றேன். கருப்பு வெள்ளைப் படத்தில் நிற்பது வெள்ளிங்க. வெளிச்சம் பட்ட இடம் டெவலப்பர் திரவத்தில் வெள்ளியாகிக் கருக்கும், படாத இடத்து மருந்தை ஹைப்போ என்கிற இன்னொரு திரவம் கரைத்துவிடும். அப்புறம் அந்த ஹைப்போவே போகிற வரைக்கும் கழுவணும். இல்லாவிட்டால் சில வருஷத்தில் படம் மஞ்சளாகப் பழுத்துவிடும். குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில், ஒரு கல்யாண ஆர்டர் முழுவதையும் ஒரே வாளியில் அலசிக் கொடுத்தேன். அந்த மணப்பெண்ணை இன்றைக்கும் பஸ்ஸில் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எண்பதுகளில் காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கிழவிக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டிருந்தார்கள். மகன் ராணுவத்தில், நம் பக்கம் அது புதிதா, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டையைத் தெரியாதவர் யார்? அவர் வந்து சேரும்வரை உடல் தாங்காது.

"அண்ணே, கண்ணு மட்டும் தொறந்தாப்புல செஞ்சுடுங்க" என்றான் பேரன்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். மெல்லிய பிரஷ்ஷால் பிரிண்டின் மேல் கண் வரைந்து, தாடைத் துணியையும் மறைத்தேன். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கணும். அது விழாவிட்டால் பார்வையே வராது. காலையில் ஃபிரேமுக்குக் கீழே எழுதப் பேர் கேட்டேன்.

"ஆயா."

"ஆயா சரிப்பா, பேரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ரேஷன் கார்டைத் தேடியெடுத்துத்தான் எழுதினேன்.

கண்ணை நான் வரைந்துவிட்டேன். பேரை வரைய முடியுமா?

வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடமும் இதைத்தான் கேட்டேன். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தானாக விலகும்போது எடுத்து, முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்துங்கள். காத்திருக்கிற நேரத்தில் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து யார் யார் என்று கேளுங்கள். படத்தைப் பார்த்தால் அவர்கள் பேர் மட்டுமா சொல்வார்கள், சண்டையிலிருந்து கடன் வரை எல்லாம் வரும்.

என் கடையில் வாங்காமலே போன படங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. இங்கே வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். தெரிந்த முகம் இருந்தால் பின்பக்கம் பேரை எழுதிவிட்டுப் போங்கள். பால் பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் அச்சு விழும். பென்சில் டப்பாவிலேயே இருக்கிறது.