பதிவில் ஒன்று, மேடையில் ஒன்று: ராக் குழுக்கள் பாட்டையும் பாட்டு வரிசையையும் மாற்றுவது ஏன்?

[திரை: காட்பாடிக்கு அருகே ஒரு கல்லூரி மைதானம். இரவு. மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.]

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு, காட்பாடிக்கு அருகே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த ராக் கச்சேரியில், மைக் செட்காரருக்கு உதவியாக நான் மேடையோரம் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலையும்போது இரண்டு மாணவர்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. “அந்த சோலோவைக் கேக்கத்தான்டா ஆம்பூர்ல இருந்து பஸ் ஏறி வந்தேன், அதையே வெட்டிட்டாங்க” என்றார் ஒருவர். “பாட்டே வேற மாதிரி இருந்துச்சு” என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் உண்மை. சோலோ, அதாவது கிட்டார் கலைஞர் தனித்து வாசிக்கும் பகுதி, வெட்டப்பட்டிருந்தது; பாட்டும் வேறு மாதிரிதான் இருந்தது. அது ஏன் என்று விளக்க, அன்று மேடைத் தரையில் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

[திரை: மானிட்டர் ஸ்பீக்கரின் அருகே டேப் போட்டு ஒட்டிய தாள். தடித்த மார்க்கரில் பதினான்கு பாட்டுகளின் பெயர்கள்.]

இந்தத் தாளுக்கு செட்லிஸ்ட் என்று பெயர். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எங்கே கிட்டார் மாற்ற வேண்டும், எங்கே பாடகர் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் ஊருக்கு இது புதிதன்று. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு, கீபோர்டுக்காரரின் ஸ்டாண்டில் இருக்கும் நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வரும். அந்த நோட்டும் இந்தத் தாளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

முதலில் பாட்டு ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். வரிசைக்குப் பிறகு வரலாம்.

ஸ்டூடியோவில் பதிவாகும் பாட்டு பல நாட்களில், பல அடுக்குகளாகச் சேர்க்கப்பட்ட ஒன்று. ஒரே கிட்டார் கலைஞர் நான்கு முறை வாசித்து நான்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார். மேடையிலோ அவருக்கு இரண்டு கைகள்தான் உண்டு. குயின் குழுவின் ‘போஹிமியன் ராப்சடி’ 1975இல் வெளிவந்தது. ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி ஓடும் அந்தப் பாட்டின் நடுவில் வரும் ஓபராப் பகுதியில், சில குரல்களையே மீண்டும் மீண்டும் பதிவுசெய்து ஒரு பெருங்கூட்டம் பாடுவது போல உருவாக்கியிருந்தார்கள். மேடையில் நான்கு பேர் அதைப் பாடிக் காட்ட முடியாது. ஆகவே அந்தப் பகுதி வந்ததும் குழுவினர் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். பதிவு நாடா ஒலிக்கும். அடுத்து வரும் கனத்த ராக் பகுதிக்கு மீண்டும் ஏறி வந்து வாசிப்பார்கள். 1985 ஜூலை 13 அன்று லண்டனில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இருபது நிமிடம் மட்டுமே என்பதால், அந்தப் பாட்டின் தொடக்கப் பகுதியை மட்டும் பாடிவிட்டு நேராக அடுத்த பாட்டுக்குத் தாவினார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த வெம்ப்ளி மைதானத்தில், ஓபரா எங்கே என்று யாரும் சண்டைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

முடிவும் ஒரு சிக்கல்தான். பதிவில் பல பாட்டுகளுக்கு முடிவே கிடையாது. பல்லவி திரும்பத் திரும்ப வர, ஒலி மெல்லக் குறைந்து மறைந்துவிடும். மேடையில் டிரம்ஸ்காரர் அப்படி மறைந்து போக இயலாது. எனவே குழு ஒத்திகையில் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்கு ஒரு முடிவைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடிகையில் தீர்மானம் வைப்பதைப் போல, எல்லோரும் ஒரே அடியில் வந்து இறங்கும் இடம் ஒன்று வேண்டும். நீங்கள் மேடையில் கேட்டு வியக்கும் சில முடிவுகள் இந்தக் கட்டாயத்தில் பிறந்தவை.

பதிவோடு மேடை போட்டி போட இயலாது என்று கண்டபோது மேடையையே விட்டவர்களும் உண்டு. 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ தொகுப்பு வெளிவந்தது. அதே மாதம் 29ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் பதினொரு பாட்டு பாடினார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றுகூட அவற்றில் இல்லை. கட்டணச் சீட்டு விற்று அவர்கள் நடத்திய கச்சேரிகளில் அதுவே கடைசி.

[திரை: ஒரு ஆர்மோனியம். பக்கத்தில் ஒரு மின் கிட்டார்.]

அடுத்தது சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டையால் அளக்கும் நம் ஊர்க் கணக்கிலேயே இதைச் சொல்லிவிடலாம். கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை வழக்கமான முறையில் சுருதி சேர்த்தால் அது மூன்று கட்டை. மெட்டாலிகா குழு தன் புகழ்பெற்ற தொகுப்புகளை 1980களில் பெரும்பாலும் அந்தச் சுருதியில்தான் பதிவுசெய்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மேடையில் அதே பாட்டுகளை இரண்டரைக் கட்டைக்கு இறக்கி வாசிக்கிறார்கள். பல மாதங்கள் ஊர் ஊராகப் பாடும் தொண்டைக்கு அந்த அரைக் கட்டை பெரிய உதவி. 2011 அக்டோபர் 30 அன்று அவர்கள் பெங்களூருவில் வாசித்தபோது, வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போய்க் கேட்டவர்களில் எத்தனை பேர் இந்த இறக்கத்தைக் கவனித்திருப்பார்கள் என்பது ஐயமே. காது முதலில் பாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது. கட்டையைப் பிறகுதான் தேடுகிறது.

இன்னிசைக் குழுக்களில் ஆண் குரல் பாட்டை ஒரு பெண் பாட வரும்போது, சுருதியை ஏற்றி இறக்கும் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானைச் சில முறை தட்டினால் வேலை முடிந்துவிடும். கிட்டாரில் அவ்வளவு எளிதில் ஆகாது. கம்பிகளைத் தளர்த்த வேண்டும், அல்லது வேறு சுருதியில் தயாராக வைத்திருக்கும் இன்னொரு கிட்டாரை எடுக்க வேண்டும். ஆகவே ஒரே சுருதியில் அமைந்த பாட்டுகளைச் செட்லிஸ்டில் அடுத்தடுத்து வைப்பார்கள். அந்த வரிசைக்குப் பின்னே பெரிய கலை நோக்கம் இருப்பதாக ரசிகர்கள் எழுதும் நீண்ட விளக்கங்களைப் படிக்கும்போது, பல சமயம் அங்கே இருந்தது இரண்டு கிட்டார்கள் மட்டுமே என்று எனக்குத் தோன்றும்.

[திரை: தெருக்கூத்து மேடை. விடியற்காலை வெளிச்சம்.]

இதுவரை சொன்னவை கட்டாயத்தால் வரும் மாற்றங்கள். விரும்பிச் செய்யும் மாற்றம் இன்னும் சுவையானது. டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ பதிவில் நாலரை நிமிடம். 1972இல் ஜப்பானில் பதிவான அவர்களது மேடைத் தொகுப்பில் ஏறக்குறைய இருபது நிமிடம். கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘டார்க் ஸ்டார்’ 1968இல் தனித்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்தைக்கூட எட்டவில்லை; அடுத்த ஆண்டு வெளியான மேடைத் தொகுப்பில் அது இருபத்து மூன்று நிமிடம் ஓடுகிறது. பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, கூட்டத்தின் மூச்சுக்கு ஏற்ப நீட்டிக்கொண்டே போகிறார்கள்.

பழைய வடஆற்காட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு இதில் வியப்பு இராது. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும், 1989இல் மாவட்டம் பிரியும் வரை வடஆற்காட்டு ஊர்தான். அந்த வட்டாரத்துக் கூத்து வாத்தியார்கள் விடிய விடிய ஆடும் கதையை நேரம் பார்த்து நீட்டவும் சுருக்கவும் தெரிந்தவர்கள். கூட்டம் தூங்கி விழுந்தால் கட்டியங்காரன் உள்ளூர்ச் செய்தி ஒன்றை எடுத்துவிடுவான். கிழக்கு வெளுக்கத் தொடங்கினால் தர்க்கப் பாட்டுகளில் சில அடிகள் குறையும். கதை மாறாது. அன்றைய இரவுக்கு எவ்வளவு என்பது மட்டும் மாறும்.

நீட்டுவதைப் போலவே அடக்கி வாசிப்பதும் ஒரு மாற்றம். எரிக் கிளாப்டனின் ‘லைலா’ 1970இல் மின் கிட்டார்களின் அலறலோடு தொடங்கிய பாட்டு. 1992இல் வெளியான ‘அன்பிளக்டு’ தொகுப்பில், எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்க வாசிப்பையே நீக்கிவிட்டு, சாதாரணக் கிட்டாரில் நிதான நடையில் பாடினார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதை விரும்பும் நண்பர்களோடு இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறேன்.

[திரை: பல செட்லிஸ்ட் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.]

இனி வரிசைக்கு வருவோம். பேர்ல் ஜாம் குழு ஒவ்வோர் இரவும் வேறு வரிசையில் பாடும் வழக்கமுடையது. 2000ஆம் ஆண்டுப் பயணத்தின் கச்சேரிகளை 72 தனித்தனித் தொகுப்புகளாகவே வெளியிட்டது. ஃபிஷ் குழு 2017இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதின்மூன்று இரவுகள் வாசித்தது. 237 பாட்டுகள் வாசிக்கப்பட்டன. ஒரு பாட்டுகூட இரண்டாம் முறை வரவில்லை. மெட்டாலிகா 2023இல் தொடங்கிய பயணத்தில் ஓர் ஊருக்கு இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டு, முதல் இரவில் பாடியதை இரண்டாம் இரவில் பாடுவதில்லை என்று அறிவித்தது. இதில் வணிகமும் உண்டு: வரிசை மாறினால் ஒரே ரசிகர் இரண்டு நாளுக்கும் சீட்டு வாங்குவார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கூட்டத்தினர் உயர்த்திப் பிடிக்கும் அட்டைகளை வாங்கிப் பார்த்து அதிலுள்ள பாட்டைப் பாடுவார். சபாக்களில் வித்வானுக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவது போன்றதுதான் அது; சீட்டு சற்றுப் பெரிது, அவ்வளவே.

எல்லாக் குழுக்களாலும் இப்படிச் செய்ய முடியாது. டிரம்ஸ்காரரின் காதில் ஒலிக்கும் கிளிக் தாளத்தோடு திரைப்படக் காட்சிகள், விளக்குகள், முன்பே பதிவான கூடுதல் இசை ஆகியவை விநாடி பிசகாமல் இணைக்கப்பட்டிருக்கும் நிகழ்ச்சியில், ஒரு பாட்டை மாற்றினால் பத்துப் பேர் வேலையை மாற்ற வேண்டும். அங்கே பெரும்பாலும் ஒவ்வோர் ஊரிலும் அதே வரிசைதான்.

[திரை: மீண்டும் காட்பாடி மைதானம். மேடைக்கு அருகே சுவர்க் கடிகாரம்.]

இப்போது அந்த மாணவர்களுக்குப் பதில். வேலூர் வெயிலில் மாலை நான்கு மணிக்குச் சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனை, செய்தார்கள். சூட்டில் எஃகுக் கம்பி நீண்டு தளரும், சுருதி இறங்கும். அதை இறுக்கிச் சரிசெய்தால், இரவு காற்று குளிர்ந்ததும் அதே கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். ஆகவே பாட்டுக்குப் பாட்டு நின்று சுருதி சேர்க்க வேண்டியதாயிற்று, வரவேற்புரையும் நீண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஒன்பது ஐம்பத்தொன்றுக்குத் தாளில் இன்னும் மூன்று பாட்டுகள் இருந்தன. பாடகர் குனிந்து நடுப்பாட்டை விரலால் அடித்துக் காட்டினார். பேஸ் கிட்டார்காரர் என்னைப் பார்த்து, “தம்பி, டைம்?” என்றார், நான் ஒன்பது விரல்களைக் காட்டினேன். மீதி இரண்டும் மூன்று கட்டையில் அமைந்தவை. முதல் பாட்டின் சோலோ வரவேண்டிய இடத்தில், டிரம்ஸ்காரர் நிறுத்தாமல் நடையை மட்டும் மாற்ற, இரண்டாவது பாட்டின் பல்லவி உள்ளே நுழைந்தது. அப்படி இணைத்து அவர்கள் ஒத்திகை பார்த்ததே இல்லை. கடைசி அடி விழுந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தொன்பது. மைக் செட்காரர் மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார்.