சிமென்ட் ஆலைப் புகையைக் கடலுக்கடியில் அடைக்கும் நார்வே

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சுண்ணாம்புக்கல்]

சுத்தமான சுண்ணாம்புக்கல் என்றால் அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுதான். சூளையில் சூடு 900 டிகிரியைத் தொடும்போது அந்த வாயு கல்லை விட்டுக் கிளம்பிவிடும். மிஞ்சும் சுண்ணாம்பிலிருந்துதான் சிமென்ட். நிலக்கரியை விட்டுவிட்டு மின்சாரத்திலேயே சூளையைச் சூடாக்கினாலும், கல்லுக்குள் இருப்பது வந்தே தீரும். அரியலூரானாலும் சரி, ஐரோப்பாவானாலும் சரி, சிமென்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவது.

[காட்சி: நார்வே, பிரெவிக் சிமென்ட் ஆலை]

2025இல் இங்கே வாயுவைப் பிடிக்கும் பிரிவு திறக்கப்பட்டது. புகையை அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசலுக்குள் விடுகிறார்கள். கரியமில வாயு கரைசலில் ஒட்டிக்கொள்ளும், நைட்ரஜன் வெளியே போய்விடும். அப்புறம் கரைசலைச் சூடாக்கினால் பிடிபட்ட வாயு பிரிந்து வரும். கரைசலை மறுபடி பயன்படுத்தலாம். வாயுவை அழுத்திக் குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் பெர்கன் நகருக்கு அருகே கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாய். கடைசியில், கடலடித் தரைக்கும் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் இறக்குகிறார்கள்.

[காட்சி: மணற்பாறைத் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்]

கீழே பெரிய குகை இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இருப்பது பாறைதான். இந்தச் சொட்டைப் பாருங்கள், உள்ளே இறங்கிவிட்டது. மணற்பாறை முழுக்க நுண்துளைகள். ஆழத்தில் அவற்றில் உப்புநீர் நிறைந்திருக்கும். அந்த நீரை நகர்த்திக்கொண்டு கரியமில வாயு இடம்பிடிக்கிறது. அதன் மேலே துளையே இல்லாதது போல் இறுகிய களிப்பாறை மூடியிருக்கிறது. நாளடைவில் கொஞ்சம் வாயு உப்புநீரில் கரையும். கல்லாக மாற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

கசியாதா? நியாயமான கேள்வி. 1991இல் நார்வே கரியமில வாயுவுக்கு வரி போட்டது. அதனால் வடகடலில் உள்ள ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதலே அதைப் பூமிக்குள் செலுத்துகிறார்கள். அதிர்வலைகளை அனுப்பி எடுக்கும் படங்களில், வாயு மூடுபாறைக்குக் கீழேயே பரவி நிற்பது தெரிகிறது.

இதைக் காட்டி நிலக்கரி மின்நிலையங்களுக்கு ஆயுள் நீட்டிக்கக் கூடாது. மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் இருக்கின்றன. சிமென்ட்டுக்குத்தான் சுலபமான மாற்று இல்லை.

பிரெவிக்கில் பிடிபடுவது ஆண்டுக்கு 4 லட்சம் டன், அந்த ஆலை விடுவதில் ஏறக்குறைய பாதி. கரைசலைச் சூடாக்க ஆலையின் கழிவு வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். அது அவ்வளவுக்குத்தான் காணும். இந்தப் பாதிக்கே செலவின் பெரும்பங்கை நார்வே அரசு ஏற்க வேண்டியிருந்தது.