கணக்காளர் சம்பளத்தை யார் கொடுப்பது?

பெரியோர்களே, நண்பர்களே,

ஈகையைப் பற்றிப் பேச வருகிறவர் ஒரு செய்யுளோடு தொடங்குவது நம் மேடை வழக்கம். நான் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவோடு தொடங்குகிறேன், பொறுத்தருள வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவில் கொடையின் போக்கை அதைப்போல மாற்றியது வேறொன்றில்லை என்பது என் கருத்து.

2014 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றுதான் முதலில் இருந்தது. 2021இல் பிடி இறுகியது. மிஞ்சிய பணத்தைத் தனிக் கணக்குக்கோ, சட்டம் குறிப்பிடும் நிதிக்கோ மாற்றியாக வேண்டும், தவறினால் அபராதம். இந்தக் கட்டாயத்தில் எனக்குக் குறையில்லை. வேண்டாவெறுப்பாக வந்த பணத்தில் கட்டிய கழிப்பறையும் கழிப்பறைதான்.

என் குறை வேறு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது அதே சட்டம். ஆகவே ஆலைகள் நெருங்கி நிற்கும் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் பணம் தாராளமாக வருகிறது. வடகிழக்கு மாநிலங்களுக்குச் சொற்பமே.

தனிமனிதர் நன்கொடை பற்றி ஒரே ஒரு செய்தி. புதிய வருமான வரி முறையில், நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது; 2023–24 நிதியாண்டு முதல் நாமாகக் கேட்டாலொழிய அந்த முறைதான் நமக்குப் பொருந்தும். ரசீதுக்காகவே மார்ச் மாதத்தில் கொடுத்துவந்தவர்களை இனி எதைச் சொல்லி அழைப்பது என்று தொண்டு நிறுவனங்கள் யோசிக்க வேண்டும்.

இனி, போட்ட பணம் நல்லதும் செய்ய வேண்டும், திரும்பியும் வர வேண்டும் என்கிற முதலீட்டாளர்களுக்கு வருவோம். 2015இல் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. பள்ளிக்கு வராத பெண் குழந்தைகளைச் சேர்ப்பதும், படிப்பில் பின்தங்கியவர்களுக்குக் கற்பிப்பதும் ‘எஜுகேட் கேர்ள்ஸ்’ அமைப்பின் வேலை. யூபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் போட்டது. பலன் கிடைத்தால் மட்டும் வேறொரு அறக்கட்டளை அதைத் திருப்பித் தரும். பலனை அளக்க மூன்றாம் தரப்பு ஆய்வாளர்கள் நேரில் போய்க் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் ஏறத்தாழப் பாதிதான் எட்டியிருந்தார்கள். வழக்கமான மானியமாக இருந்திருந்தால் அப்போதே கையை விரித்திருப்பார்கள். இங்கே கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. 2018இல் முடிவு வந்தபோது கற்றலில் இலக்கின் 160 விழுக்காடு, சேர்க்கையில் 116 விழுக்காடு. முதலீட்டாளருக்கு அசலுடன் ஆண்டுக்கு 15 விழுக்காடு லாபம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் வாசிப்பைத் தேர்வு வைத்து அளக்கலாம். கொத்தடிமை நிலையிலிருந்து மீண்ட குடும்பத்துக்கு நீதிமன்றத்தில் துணை நிற்பதை எந்தத் தேர்வால் அளப்பது? அளக்க முடியாத வேலைக்கு இந்த வகைப் பணம் வராது.

தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவதற்கான சமூகப் பங்குச் சந்தை கொஞ்சம் நேர்மையானது. அங்கே தொண்டு நிறுவனம் வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது. பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கில் குடியேறிய நன்கொடை என்றே சொல்லலாம். 2023 டிசம்பரில் முதன்முதலாக பெங்களூருவின் உன்னதி அறக்கட்டளை இப்படி 1.8 கோடி ரூபாய் திரட்டியது. 2 லட்சமாக இருந்த குறைந்தபட்ச முதலீட்டுத் தொகையை, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 10,000 ஆக்கி, பிறகு 1,000 ரூபாய்க்கே இறக்கிவிட்டது. சாதாரண சம்பளக்காரரும் நுழையலாம்.

ஆனால் அந்தச் சந்தையில் நிற்க ஆண்டுதோறும் பயன் அறிக்கை தர வேண்டும்; அதைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும். யார் எழுதுவது? அதற்கென ஒருவரை வைத்துக்கொள்ள எந்தச் சிறிய அமைப்பிடம் பணம் இருக்கிறது? வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக வெட்டினார்கள். பெரிய அமைப்பு அந்தப் பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் தடை வந்தது. எல்லோரும் சான்று கேட்கிறோம். சான்று தயாரிக்கும் ஆளின் சம்பளத்தை மட்டும் வீண்செலவு என்கிறோம்.

இந்த அரங்கில் அறக்கட்டளை நிர்வாகிகள் சிலர் இருக்கிறீர்கள். அடுத்து வரும் விண்ணப்பத்தில் ‘கணக்காளர் ஊதியம்’ என்றொரு வரி இருக்கும். அதை அடிக்குமுன், உங்கள் அலுவலகக் கணக்காளருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.