குளத்தை எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விடிந்து எழுந்து போய்ப் பார்த்தால் குளம் முழுக்க மீன் செத்து மிதக்கிறது. இதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் பேப்பரில் படித்திருப்பீர்கள். கரையில் கூட்டம் கூடிவிடும். "ராத்திரி எவனோ விஷத்தைக் கலந்துட்டான்" என்று பேச்சு கிளம்பும். மீன் குத்தகை எடுத்தவருக்கும் அவருக்கு ஆகாதவருக்கும் பழைய பகை இருந்தால் கேட்கவே வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விடும். நான் நெடுங்காலமாகக் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் கரையிலேயே உட்கார்ந்து சோதித்து வருகிறவன். மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு குளம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பொழுது விடியும் முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும்.

ஏன் விடியும் முன்னால்? நாம் மூச்சு விடும் காற்றில், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் இயல்பாகக் கரைந்து நிற்பது 8 மில்லிகிராம்தான். அந்த எட்டை வைத்துக்கொண்டுதான் மீன், தவளைக் குஞ்சு, பூச்சி, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா எல்லாம் பிழைக்க வேண்டும். நாலுக்குக் கீழே போனால் கெண்டை மீன் திணற ஆரம்பிக்கும். இரண்டுக்குக் கீழே அப்படியே இருந்தால் சாவு விழும்.

இதில் பாசியின் பங்கு பெரியது. குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறதே, அது முழுக்க நுண்பாசி. வெயில் இருக்கும்வரை அது ஆக்சிஜனை உண்டாக்கித் தள்ளும். மத்தியானம் மூன்று மணிக்கு அளந்தால், எட்டு நிற்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டுகூட இருக்கும். வானம் மூடினால் உற்பத்தி குறையும், பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும். ஆனால் பாசியும் உயிர்தானே, ராத்திரி முழுக்க அதுவும் மூச்சு விட்டாக வேண்டும். எல்லோரும் செலவு செய்கிறார்கள், சம்பாதிப்பவர் யாருமில்லை. கையிருப்பு ரொம்பக் குறைந்து போகிற நேரம் விடியற்காலை. பகலில் மட்டும் போய் அளப்பவர் கண்ணில் இது படவே படாது.

திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கால்வாய் பாயும் ஒரு குளம். ஐப்பசி மாதம். சில நாளாக வானம் மூடாப்பாக இருந்தது, தூறல் வேறு. ஒரு நாள் காலை ரோகு, கட்லா என்ற கெண்டை வகை மீன்கள் எல்லாம் செத்து ஒதுங்கிவிட்டன. விஷம் என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது. அங்கே மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, "சார், முந்தாநாள் பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்து மெஷினை விட்டுப் பார்த்துட்டு, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னுட்டுப் போனாரு. ஆனா வானம் மூடிக்கிட்டா மீன் தலையைத் தூக்கும்னு எங்க அப்பா சொல்வாரு" என்றார்.

"அண்ணாச்சி, செத்ததில் விரால் உண்டா?" என்று கேட்டேன்.

"விரால் ஒண்ணுகூட இல்ல. தேளியும் சாகல. பெரிய பெரிய கட்லாவா பார்த்துப் போயிருக்கு, பொடி மீன் துள்ளிக்கிட்டுத்தான் கிடக்கு."

எனக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. விராலும் தேளியும் மேலே வந்து வெளிக்காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன்கள். மீன் சந்தையில் கொஞ்சம் தண்ணீரில் விரால் உயிரோடு கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதனால்தான். விஷம் என்றால் விராலையும் விடாது, பொடி மீனையும் விடாது. ஆக்சிஜன் பஞ்சம் வந்தால் பெரிய உடம்புக்காரன்தான் முதலில் போவான்.

மறுநாள் இருட்டோடு இருட்டாக மாணவர்களோடு போனேன். ஆக்சிஜன் அளக்கும் மெஷின் எங்களிடமும் இருந்தது. ஆனால் கண்ணால் பார்ப்பதற்கு 1888-ல் விங்க்லர் என்ற ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் சொன்ன முறையை மிஞ்சி ஒன்றுமில்லை. கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்ப வேண்டும். அப்புறம் மாங்கனீசு சல்பேட் கரைசல், அடுத்து காரம் கலந்த அயோடைடு கரைசல். மூடியைப் போட்டுத் தலைகீழாகப் புரட்டினால், ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் காப்பிப்பொடி நிறத்தில் வண்டல் திரளும். ஆக்சிஜன் கூடக்கூட நிறம் அழுத்தமாகும். அதன் பிறகு அமிலம் விட்டு, சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பது தனிக் கதை.

அன்றைக்கு மாணவி ஒருத்தி டார்ச் வெளிச்சத்தில் பாட்டிலைப் புரட்டினாள். வண்டல் வெள்ளையாக இறங்கியது. சுத்த வெள்ளை. "சார், மருந்து கெட்டுப்போச்சா?" என்றாள். மருந்து கெடவில்லை. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, அவ்வளவுதான். கால்வாய்த் தண்ணீர் வந்து விழும் இடத்தில் எடுத்த பாட்டில் மட்டும் பழுப்பாக மாறியது. எஞ்சிய கெண்டைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றன. அன்றைக்கு நல்ல வெயில் அடித்தது. மூன்று மணிக்கு, வண்டல் வெள்ளையாக இறங்கிய அதே இடத்தில் எடுத்துப் பார்த்தோம், பதினொன்றைத் தாண்டிவிட்டது! அதே குளம், அதே இடம். காலையில் சாவு, மத்தியானம் செழிப்பு. இதில் எதை எழுதி வைப்பீர்கள்?

அதனால்தான் சொல்கிறேன், அளவோடு மணியையும் எழுதுங்கள். மணி எழுதாத அளவு எனக்கு வேண்டாம். பாசிக் குளத்தில் அமில காரத் தன்மையும் இப்படித்தான் ஏறி இறங்கும். காலையில் ஏழரை என்று இருக்கும் பி.எச்., பிற்பகலில் ஒன்பதைத் தொடும்.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடாப்பு நாட்களில் சாணியும் கோழி எருவும் போடாதீர்கள், தீவனத்தையும் நிறுத்துங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டாரைப் போட்டுக் குளத்துத் தண்ணீரையே மேலே பீய்ச்சி விடுங்கள். அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டினால் போதும். ஆனால் ஊர்ச் சாக்கடை வந்து விழும் குளத்தில் இதெல்லாம் தற்காலிகம்தான், பாசிக்குச் சாப்பாடு அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். சாக்கடையைத் திருப்பாமல் பாசி குறையாது.

ஆற்றைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தும் பாட்டிலும் இல்லாதவர்கள், ஆற்றில் தண்ணீர் சலசலவென்று ஓடும் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். தட்டையாக, வாலில் மூன்று மயிரிழை நீட்டிக்கொண்டு ஓடும் பூச்சிகளும், மணலை ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டியிருக்கும் புழுக்களும் பல வகையாக இருந்தால், அங்கே ஆக்சிஜன் ராத்திரியிலும் குறையவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். வாரக்கணக்கில் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிற ஜீவன்கள் அவை. சேற்றில் நெளியும் ரத்தச் சிவப்புப் புழுக்கள் மட்டும்தான் என்றால், அங்கே கழிவு சேருகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்க அவற்றின் உடம்பில் ஹீமோகுளோபின் இருக்கிறது, சிவப்பு அதனால்தான். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி திரும்ப வைத்துவிடுங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆழம் பார்த்து. வணக்கம்.