குற்றவாளிக் கூண்டில் ஏறாத மூன்றாவது ஆள்

நடுவர் அவர்களே, எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். எதிரணித் தலைவர் பறக்கவிட்டுப் போன காக்கைகளைப் பிடிக்கவே அதில் பாதி போய்விடும் போலிருக்கிறது.

"பொய்ச் செய்தி பரவப் பெரிதும் காரணம் மனிதர்களா, சமூக ஊடகத் தளங்களா?" என்பது தலைப்பு. மனிதர்களே என்று வாதாட வந்தவர் நமக்கெல்லாம் தெரிந்த காக்கைக் கதையைச் சொன்னார். ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அடுத்தவன் வாயில் அது காக்கை நிறமானது, அதற்கடுத்தவன் வாயில் காக்கையே ஆனது, ஊர்க்கோடியை எட்டும்போது காக்கைக் கூட்டமே பறந்தது. "இந்தக் கதை பிறந்தபோது ஃபேஸ்புக் இருந்ததா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். நல்ல கேள்வி.

ஆனால் அந்த ஊரில் ஒரு வசதி இருந்தது. "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டால் ஒரு பெயர் வரும். அந்த ஆளிடம் போனால் இன்னொரு பெயர். இப்படியே நடந்தால் வாந்தி எடுத்தவன் வீட்டு வாசலுக்கே போய், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்றும் விசாரித்துவிட்டு வந்துவிடலாம். இன்னொன்று, காக்கையைக் கூட்டிச் சொன்னவனைப் பார்த்து "அருமை, உன்னை இன்னும் நூறு பேர் முன்னால் நிறுத்துகிறோம்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இப்போது அதற்கென்றே தளம் என்று ஓர் ஆள் இருக்கிறது என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

அடுத்து அவர் எடுத்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு. சொரூஷ் வோசோகி, டெப் ராய், சினான் ஆரல் மூவரும் 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடி, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்டப் பொய்க்கு ஆகும் நேரத்தைப் போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனது. தானியங்கிக் கணக்குகளான பாட்கள் உண்மையையும் பொய்யையும் ஒரே அளவில்தான் வேகப்படுத்தின. ஆகவே பொய்யைத் தேடித் தேடிப் பரப்பியது மனிதர்கள்தான். எதிரணித் தலைவர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றிக்களை தெரிந்தது.

ஐயா, அந்த ஆய்வில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் மனிதர், இன்னொருவர் பாட். பாட் விடுதலை ஆனதால் மனிதர் மாட்டிக்கொண்டார். மூன்றாவது ஆளான ட்விட்டர் கூண்டில் ஏறவே இல்லை. அத்தனை சங்கிலிகளும் ஒரே தளத்தில், அதன் பொத்தான்களை வைத்து ஓடியவை. வேறு மாதிரி வடிவமைத்த ஒரு தளத்தோடு ஒப்பிட்டிருந்தால் அல்லவா தளத்தின் பங்கு தெரியும்? அந்த ஆய்வுக்குப் பணமும் தரவும் கொடுத்தது ட்விட்டர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர்களை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு, நம் தலைப்பு வேறு.

சரி, மனிதர்கள் ஏன் பகிர்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இங்கேதான் வருகிறது. கோர்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் குழு 2021-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. ஒரே வகையான ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரே தலைப்புச் செய்திகளைக் காட்டினார்கள். ஒரு பாதியிடம் "இது உண்மையா?" என்று கேட்டார்கள், மறு பாதியிடம் "இதைப் பகிர்வீர்களா?" என்று. அமெரிக்காவுக்குள் வரப் புறப்பட்ட குடியேறிகளில் 500 பேருக்கு மேல் தற்கொலை வெடிகுண்டு அங்கியுடன் கைது என்று ஒரு பொய்த் தலைப்பு. குடியரசுக் கட்சிச் சார்புடையவர்களில் அதை உண்மை என்றவர்கள் 15.7 சதவீதம். பகிரலாம் என்றவர்கள் 51.1 சதவீதம்.

எதிரணி சொல்வது போல மனிதன் ஏமாளியாக இருந்தால் முதல் எண்ணே பெரிதாக இருந்திருக்க வேண்டும். பொய்யை விரும்புகிறவன் என்பீர்களா? அதே குழு அடுத்து இன்னொன்று செய்தது. நம்பகமில்லாத செய்தித்தளங்களின் செய்திகளைப் பகிர்ந்து பழகிய 5,379 ட்விட்டர் பயனாளர்களுக்கு ஒரு தனிச்செய்தி போனது. அரசியலே இல்லாத ஏதோ ஒரு தலைப்பைக் காட்டி, இது சரியாக இருக்குமா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். அறிவுரை இல்லை, திட்டு இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் பகிர்ந்த செய்திகளின் தரம் கொஞ்சம் உயர்ந்தது. கொஞ்சம்தான், ஆனால் உயர்ந்தது. உண்மை பொய் பார்க்கும் புத்தி உள்ளே இருக்கிறது, யாராவது கேட்டால் வெளியே வருகிறது. தளமோ அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ணிக் காட்டுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் என் அணித் தோழர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு மூத்த நடிகர் காலமானார் என்று ஒரு முறை நான் பகிர்ந்தேன். அவர் நன்றாக இருந்தார். இப்போதும் நன்றாக இருக்கிறார். என் இரங்கலுக்குக் குவிந்த கண்ணீர்ப் பொம்மைகளை எண்ண முடியவில்லை. மறுநாள் திருத்தம் போட்டேன். ஒரே ஒருவர் பார்த்து விருப்பக்குறி இட்டார், அது என் மனைவி. இதில் நான் என்ன கற்றுக்கொள்வேன் என்று நினைக்கிறீர்கள்?

இதையே 2023-ல் கிஸெம் ஜெய்லான், இயன் ஆண்டர்சன், வெண்டி வுட் மூவரும் அளந்து பார்த்தார்கள். பழக்கத்தால் கை தானாகப் பகிர்கிற 15 சதவீதம் பேர்தான், அந்த ஆய்வில் பகிரப்பட்ட பொய்ச் செய்திகளில் 30 முதல் 40 சதவீதத்துக்குப் பொறுப்பு. அதே ஆய்வில், சரியான செய்தியைப் பகிர்ந்தால் பரிசு என்று வைத்ததும் சரியானதைப் பகிரும் பழக்கம் வந்தது. பரிசை நிறுத்திய பிறகும் அது நீடித்தது.

இப்போது என் அணிக்கே கொஞ்சம் வலிக்கிற ஒன்று. செய்தி மீதான நம்பிக்கை சரிந்ததற்குத் தளங்கள் மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் காலப் நிறுவனம் எடுக்கும் கணிப்பில், ஊடகங்களை நம்புவோர் 1976-ல் 72 சதவீதம். 2004-ல் 44. ஃபேஸ்புக் அப்போதுதான் ஒரு கல்லூரி விடுதியில் பிறந்திருந்தது, ட்விட்டர் பிறக்கவே இல்லை. 2024-ல் அது 31. பெரிய சரிவு தளங்களுக்கு முன்பே நடந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதே 2004-ல், இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றித் தான் எழுதியதில் போதுமான கறார் இல்லை என்று நியூயார்க் டைம்ஸ் தானே அச்சிட்டது. அந்தப் பழியைத் தளங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை.

ஆனால் மிச்சமிருந்த நம்பிக்கையைத் தளங்கள் என்ன செய்தன? ராய்ட்டர்ஸ் ஆய்வு மையத்துக்காக அன்டோனிஸ் கலோகெரோபூலோஸ், நிக் நியூமன் இருவரும் 2017-ல் பிரிட்டனில் பார்த்தார்கள். நேராகச் செய்தித்தளத்துக்குப் போய்ப் படித்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு அது யார் வெளியிட்ட செய்தி என்று நினைவிருந்தது. சமூக ஊடகம் வழியாக வந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத்தான். மாதக்கணக்கில் அலைந்து ஒரு நிருபர் எழுதியதும், யாரோ நேற்று இட்டுக்கட்டியதும் ஒரே அளவுப் பெட்டி, ஒரே எழுத்துரு. யாரிடமிருந்து வந்தது என்பதே நினைவில் நிற்காவிட்டால், நம்பிக்கையை யார் மீது வைப்பது?

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் தளங்களில் நடந்து 2023-ல் வந்த ஆய்வுகளையும் எதிரணியில் ஒருவர் தொட்டார். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது மூன்று மாதம் பதிவுகளை, எது முன்னால் வர வேண்டும் என்று தளம் கணக்குப் போடும் அல்காரிதம் இல்லாமல், நேர வரிசையில் காட்டியும், அரசியல் துருவப்படுதலில் மாற்றம் இல்லை என்றார். உண்மை. அதே கட்டுரையில், நம்பகமில்லாத மூலங்களிலிருந்து வந்தவை கண்ணில் படுவது கூடியது என்றும் இருக்கிறது. வரிசையை மாற்றினால் கண்ணில் படுவது மாறுகிறது, வரிசையை வைத்திருப்பது தளம். எனக்கு அது போதும். மேலும், அந்த நாட்களில் நிறுவனம் பொய்யைக் குறைக்கும் அவசர ஏற்பாடுகளையும் செய்திருந்தது, அதை ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழிலேயே எழுதினார்கள். இனி யார் சரிபார்ப்பது? தரவை எடுக்க ஆய்வாளர்களுக்கு இருந்த இலவச வழியை ட்விட்டர் 2023-ல் அடைத்தது. எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று வெளியாட்கள் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. சாட்சியங்கள் எல்லாம் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிற விசித்திரமான வழக்கு இது.

மணி அடிக்கப் போகிறது. ஒன்று மட்டும். வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் ஒரு சின்ன மாற்றம் செய்தது. பல கை மாறி வந்த செய்தியை இனி ஒரு முறைக்கு ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்றது. அது எந்த மாதம் என்று யோசித்துப் பாருங்கள். உலகமே வீட்டுக்குள் அடைந்து, பயந்து போய், கையில் போனும் கை நிறைய நேரமும் வைத்திருந்த மாதம். மனிதர்கள் அந்த வாரம் திடீரென்று திருந்தியிருக்க வாய்ப்பே இல்லை. சில வாரங்களில், அப்படிப் பலமுறை அனுப்பப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அவை அத்தனையும் பொய் என்று நான் சொல்லவில்லை. பரவியது குறைந்தது என்கிறேன்.

நடுவர் அவர்களே, எதிரணியிலிருந்து அடுத்து வருபவர் எந்தக் காக்கையை வேண்டுமானாலும் பறக்கவிடட்டும். அதற்கு முன்னால் அந்த 70 சதவீதத்தைக் குறைத்தது மனிதரா, பொத்தானா என்று மட்டும் சொல்லிவிடச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.