சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம்

(கும்பகோணத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓட்டல் உரிமையாளர்கள் சங்கச் செயலாளர் அவர்களே, என் மனைவியே நம்ப மறுக்கும் செய்திகளையெல்லாம் என்னைப் பற்றி வரவேற்புரையில் அள்ளி வீசிய நூலகர் அவர்களே, சால்வை போர்த்திய வாசகர் வட்டத் துணைத்தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, போண்டா எந்த வாசல் வழியாக வரும் என்று கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைய போண்டாவும் காப்பியும் அவர் உபயம். அவர் உப்பைத் தின்றுவிட்டு அவரிடமே சண்டை போடப் போகிறேன் என்பதால் மன்னிப்பை முன்பணமாகக் கேட்டு வைக்கிறேன்.

அன்றாட ஆங்கிலச் சொற்களைச் சாப்பாட்டின் வழியாகக் கற்பது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்வேன்: சமையலறைச் சொற்கள், பரிமாறுபவரிடம் பேசும் முறை, சாப்பாட்டு மேசை ஏறிய சொற்களின் கதை.

என்னிடம் படித்தவர்களுக்கு நான் என்ன பழமொழி சொல்லப் போகிறேன் என்பது தெரியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இலக்கணம் என்பது அகப்பை. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் நான் அந்த அகப்பையைத்தான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன். சட்டியில் சோறு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. செயப்பாட்டு வினையைத் தலைகீழாகச் சொல்லும் பையனுக்கு, அவன் தினமும் பார்க்கும் அகப்பைக்கு ஆங்கிலத்தில் லேடில் என்றும், சல்லடைக்கு சீவ் என்றும், மூடிக்கு லிட் என்றும் தெரியாது.

கடலையை வறுக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம். தமிழில் மூன்றும் மூன்று வேலை. ஆங்கிலத்துக்குப் போனால் மூன்றையும் ஃப்ரை என்ற ஒரே எண்ணெயில் போட்டு எடுத்துவிடுகிறோம். எண்ணெய் இல்லாமல் வறுத்தால் ரோஸ்ட். கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் சாட்டே. முங்க முங்கப் பொரித்தால்தான் டீப் ஃப்ரை. இட்லி கொதிப்பதில்லை, ஆவியில் வேகிறது. எனவே அது ஸ்டீம். அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்று இதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாண்டுகளுக்கு முன் மகனைப் பார்க்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போயிருந்தேன். புரட்டாசி சனிக்கிழமை. நான் அசைவம் சாப்பிடுகிறவன்தான்; ஆனால் புரட்டாசியில் முட்டையைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன். மகன் வேலைக்குப் போய்விட்டான். மனைவியும் மருமகளும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். சாதம் இருந்தது, ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது, தயிர் இல்லை. ஆங்கில ஆசிரியனுக்கு என்ன பயம்? தெருமுனைக் கடைக்குப் போய், கர்ட் இருக்கிறதா என்று இலக்கணம் பிசகாமல் கேட்டேன். கடைக்கார அம்மையார், “லெமன் கர்டா, லவ்?” என்றார். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களையும் லவ் என்றுதான் அழைப்பார்கள். இத்தனை வருட இல்லறத்தில் என் காதில் விழாத சொல் அது. அந்தத் திகைப்பில் லெமன் காதில் ஏறவில்லை, யெஸ் என்றுவிட்டேன்.

மஞ்சளாக ஒரு கண்ணாடிச் சீசா கொடுத்தார். பசுமாடு இந்த ஊரில் என்ன புல் மேய்கிறதோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சாதத்தில் நான்கு கரண்டி போட்டு, உப்பும் போட்டுப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தால் இனிப்பு. இரண்டாம் வாய்க்குப் புளிப்பு. குளிர்நாட்டுத் தயிர் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்தி, நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டு முழுத் தட்டையும் காலி செய்தேன். மருமகள் வந்தாள். சீசாவைத் திருப்பிப் பார்த்தாள். சர்க்கரை, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு என்று படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, “மாமா, இதில் முட்டை இருக்கிறது” என்றாள். ரொட்டியில் தடவித் தின்னும் இனிப்பு அது. நாம் கர்ட் என்று சொல்லும் தயிரை அவர்கள் யோகர்ட் என்கிறார்கள். மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளிடம் கேட்டாள்: “முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாராமே, சீசாவில் ஒட்டியிருந்தது எந்த மொழி?”

சட்டியில் இல்லை, அகப்பையில் வரவில்லை. கத்தரிக்காய்க்கும் அதே கதைதான். நமக்கு பிரிஞ்சால், இங்கிலாந்தில் ஓபர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளாண்ட். பயப்படாதீர்கள், பெயரில்தான் முட்டை.

பரிமாறுபவரிடம் பேசும் முறைக்கு வருகிறேன். தமிழில் மரியாதை வினைமுற்றின் வாலில் இருக்கிறது. கொடு என்பதைக் கொடுங்கள் என்றால் போதும். ஆங்கிலத்தின் கிவ்வுக்கு அந்த வால் இல்லை. அதனால் மரியாதையைக் குட் ஐ ஹாவ் (Could I have) என்று முன்னாலும் ப்ளீஸ் என்று பின்னாலும் வைத்துக் கட்ட வேண்டும். நாம் நல்ல மனதோடுதான் கிவ் மீ வாட்டர் என்கிறோம். கேட்பவர் காதில் அது அதட்டலாக விழுகிறது.

இனிச் செயலாளர் அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆண்டவர்கள் மொழி பிரெஞ்சு. உழுதவர்கள் மொழி ஆங்கிலம். அதனால்தான் கொட்டிலில் நிற்கும்போது கவ், தட்டில் வந்தால் பீஃப். மேயும்போது ஷீப், வெந்தபின் மட்டன். மட்டனும் பீஃபும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. மேய்த்தவன் சொல் தொழுவத்தோடு நின்றது. தின்றவன் சொல் மேசை ஏறியது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? வெளியே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டால் தயிர்சாதம். ஏ.சி. அறைக்குள் போனால் கர்ட் ரைஸ். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. உள்ளே கையில் கொடுக்கும் அட்டையிலோ தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. போன மாதம் ஒரு பெரியவர் அந்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு இட்லி என்று மட்டும் சொன்னதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். அவருக்கு ஆப்பம் பிடித்திருக்கலாம். அது அட்டையில் இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நம் கறி கறியாகவே ஆங்கிலத்தில் ஏறியது, கஞ்சி காஞ்சியானது, மிளகுத்தண்ணீர் மல்லிகடானியானது. நம் சொல்லுக்கு அவர்கள் அகராதியில் இடம் இருக்கிறது, நம் ஓட்டல் அட்டையில் இல்லை.

நான் ஆங்கிலத்தை எடுக்கச் சொல்லவில்லை. அது என் பிழைப்பு. மேலே தமிழில் போடுங்கள், கீழே ஆங்கிலத்தில் போடுங்கள். மேலே தயிர்சாதம், கீழே யோகர்ட் ரைஸ். பரிமாறக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் பிள்ளை நான்கு ஆங்கிலச் சொல் படித்துவிடும், தாத்தாவுக்கு ஆப்பமும் கிடைக்கும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நான் முப்பது வருடமாகச் சொல்லி வருவதற்கு, உங்கள் அட்டையைவிடப் பெரிய சட்டி வேறு இல்லை.

தலைவர் இரண்டாவது துண்டுச்சீட்டும் அனுப்பிவிட்டார். முதல் சீட்டில் “நேரம்” என்று எழுதியிருந்தார், இதில் “போண்டா” என்று எழுதியிருக்கிறார். வாசலில் நூலகர் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்துப் போடுங்கள். முதல் வரியைச் செயலாளர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பேனா என்னிடமே இருக்கிறது, ஐயா. வணக்கம்.