வருத்தமும் விற்பனைக்கா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரில் அமர்ந்திருக்கும் அணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம்.

பெயர் கெட்டுப்போன விளையாட்டு வீரரை வைத்து ஒரு நிறுவனம் விளம்பரம் எடுத்தால் மக்களுக்கு வருகிற கோபம் நியாயமானதா, தேவையற்றதா என்பது தலைப்பு. நியாயமானது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்வி கேட்டார். அது அவருடைய சொந்த வாழ்க்கை, நமக்கு என்ன வந்தது? நாலு நாள் கத்திவிட்டு ஐந்தாம் நாள் கடைக்குப் போய் அதே பொருளைத்தானே வாங்குகிறார்கள்? விழுந்தவர் எழுந்திருக்க ஒரு நிறுவனம் கை கொடுத்தால் அது குற்றமா? மூன்றாவது கேள்விக்குத்தான் அரங்கத்தில் பலத்த கைதட்டல். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கை கொடுப்பது வேறு. விழுந்து கிடப்பவர் தலையில் தன் நிறுவனத்தின் தொப்பியை மாட்டிப் படம் பிடிப்பது வேறு.

அமெரிக்க கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் கதையையே எடுத்துக்கொள்வோம், எதிரணியும் அதைத்தான் எடுத்தது. 2009 நவம்பர் 27. ஃப்ளோரிடாவில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய கார் தீயணைப்புக் குழாயிலும் மரத்திலும் மோதியது. அடுத்த சில நாட்களில் அவருடைய திருமணத்துக்கு வெளியே இருந்த உறவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவரை விளம்பரங்களில் வைத்திருந்த நிறுவனங்களில் அக்சென்ச்சர் டிசம்பர் நடுவிலேயே விலகிக்கொண்டது. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி போனது. 2010 பிப்ரவரியில் கேட்டரேட் என்ற பான நிறுவனமும் போனது. காலணி, விளையாட்டுப் பொருள் விற்கிற நைக்கி கூடவே நின்றது. நின்றதை நான் குறை சொல்லவில்லை. 1996 முதல் அவரோடு இருந்த நிறுவனம், கெட்ட நேரத்தில் கைவிடாமல் இருந்தால் அதற்கு மரியாதை உண்டு. பேசாமல் நின்றிருந்தால் எங்கள் அணிக்கே இன்று வேலை இருந்திருக்காது.

ஆனால் நைக்கி பேசாமல் நிற்கவில்லை. 2010 ஏப்ரல் 7, கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் தொடங்குவதற்கு முதல் நாள், ஒரு விளம்பரத்தை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. டைகர் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. கேமரா மெதுவாக முகத்தை நெருங்குகிறது. தலையில் நைக்கி தொப்பி. பின்னால் அவருடைய அப்பா ஏர்ல் வுட்ஸின் குரல் கேட்கிறது: நீ என்ன நினைத்தாய், என்ன உணர்கிறாய், ஏதாவது கற்றுக்கொண்டாயா? கடைசியில் திரையில் நைக்கியின் சின்னம்.

அந்த அப்பா 2006 மே மாதமே காலமாகிவிட்டார். மகனுடைய இந்தப் பிரச்சினையைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அந்தக் குரல் 2004-ல் பதிவான ஒரு பேட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. மனைவி குல்திதா கண்டிப்பானவர், தானோ கேட்டுப் புரிந்துகொள்கிற ஆள் என்று பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்த இடம் அது. அதை வெட்டி எடுத்து, முன்னால் மகனுடைய பெயரை ஒட்டி, இறந்தவரைத் தன் மகனை விசாரிக்க வைத்தார்கள்.

விளம்பரம் வெளியான கையோடு என்ன நடந்தது? அதே படத்தின் மேல் வேறு வேறு குரல்களை ஒட்டி மக்கள் இணையத்தில் போட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டியாக உட்கார்ந்திருந்தவர்களின் கேலி என்று எதிரணித் தலைவர் அதைத் தள்ளிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முகத்தின் மேல் எந்தக் குரலை ஒட்டினாலும் ஒட்டும், நீங்கள் ஒட்டியதும் அப்படித்தான் என்று நைக்கிக்கு அதைவிடத் தெளிவாக யார் சொல்லியிருக்க முடியும்?

தந்தையை இழந்த எந்த மகனுக்கும் இந்த விளம்பரம் புரியும் என்ற பொருளில் டைகரே சொன்னார் என்று எதிரணி வாதம் வைத்தது. உண்மைதான். அப்பாவின் குரலைத் தேடுகிற உரிமை மகனுக்கு உண்டு. அதை யாரும் பறிக்க முடியாது. அந்தக் குரலுக்குக் கீழே தன் சின்னத்தைப் போட்டுக்கொள்கிற உரிமை நைக்கிக்கு எங்கிருந்து வந்தது?

நடுவர் ஐயா, இங்கே நமக்கெல்லாம் தெரிந்த இன்னொரு அப்பாவைச் சொல்ல வேண்டும். 2018 மார்ச், கேப் டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலிய அணி உப்புத்தாளால் பந்தைத் தேய்த்து மாட்டிக்கொண்டது. கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஓராண்டுத் தடை. அவர் சிட்னி விமான நிலையத்தில் வந்து இறங்கிப் பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். பேச முடியாமல் திணறியபோது பின்னால் நின்ற அவருடைய அப்பா தோளில் கை வைத்தார். நானும் அதைப் பார்த்தேன், தொண்டை அடைத்தது. ஏமாற்றுக்காரன் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அன்றைக்கு அடங்கிப்போனார்கள். போதும், விட்டுவிடுங்கள் என்று நம் ஊர் ரசிகர்களே எழுதினார்கள். மக்களுக்கு ஈரமில்லை, விழுந்தவரை மிதிக்கிறவர்கள் என்று எதிரணி சொன்னதே, அந்த ஒரு காட்சி அதற்குப் பதில்.

அதே ஆண்டு டிசம்பர். தடை இன்னும் முடியவில்லை. வோடஃபோன் ஆஸ்திரேலியாவின் விளம்பரம் ஒன்றில் ஸ்மித் வருகிறார். தான் இருண்ட மனநிலையில் இருந்ததையும், செய்ததற்குப் பொறுப்பேற்பதையும் பற்றிப் பேசுகிறார். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாராட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன் அவருக்காக உருகியவர்களில் பலருக்கு அன்றைக்கு எரிச்சல் வந்தது. அதே மனிதர், அதே வருத்தம். மாறியது ஒன்றே ஒன்று: இந்த முறை வருத்தத்தோடு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வந்தது. மக்களின் கோபம் எங்கே பிறக்கிறது என்று இதைவிடச் சுத்தமாக யாரும் காட்ட முடியாது. வீரர் மேல் இருந்த கோபம் விமான நிலையத்திலேயே பாதி கரைந்துவிட்டது. அவருடைய கண்ணீரை விற்பனைச் சரக்காக ஆக்கியபோது அது வேறு ஆள் மேல் திரும்பியது.

சரி, சொந்த வாழ்க்கை என்ற வாதத்துக்கு வருகிறேன். டைகர் வீட்டில் நடந்ததை எட்டிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்சென்ச்சர் என்ன விற்கிற கம்பெனி? நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிற கம்பெனி. கோல்ஃப் மட்டைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் விமான நிலையங்களில் அவர் படத்தைப் பெரிதாக வைத்து, டைகரைப் போல் இருங்கள் என்று வருடக்கணக்கில் சொன்னார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது அவருடைய குணத்தை. நிதானம், கட்டுப்பாடு, நம்பகம். அதைத்தான் நமக்கும் காட்டினார்கள். குணத்தைக் காட்டி விற்றுவிட்டு, குணம் கெட்டதும் அது அவர் சொந்த விஷயம் என்றால், பார்த்து நம்பியவருக்குக் கோபம் வராதா? அந்த வகையில் அக்சென்ச்சர் நாணயமாக நடந்துகொண்டது, இவர் இனி எங்களுக்குப் பொருத்தமானவர் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகியது.

சொந்த வாழ்க்கை என்று சொல்லவே முடியாத இன்னொரு கதையும் உண்டு. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங், சைக்கிள் வீரர், புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். 2001-ல் நைக்கி அவரை வைத்து ஒரு விளம்பரம் எடுத்தது. அதில் அவரிடம் ரத்தம் எடுக்கிறார்கள். நான் எதில் இருக்கிறேன், அதாவது எந்த மருந்தில் ஓட்டுகிறேன், என்று எல்லாரும் கேட்கிறார்கள், நான் தினமும் ஆறு மணி நேரம் என் சைக்கிளில் இருக்கிறேன், நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஊக்கமருந்துச் சந்தேகத்தையே எடுத்துப் பெருமையாக்கிய விளம்பரம் அது. 2004-ல் அவருடைய புற்றுநோய் அறக்கட்டளைக்காக நைக்கியோடு சேர்ந்து மஞ்சள் நிறக் கைப்பட்டை வந்தது, விலை ஒரு டாலர், கோடிக்கணக்கில் விற்றது. கீமோ எடுத்துக்கொண்டவர்களும், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அதைக் கையில் போட்டுக்கொண்டார்கள். 2012 அக்டோபரில், அவர் ஊக்கமருந்து எடுத்தார் என்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வந்ததும் நைக்கி விலகியது. பத்தாண்டுக்கு மேலாக நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்றது. இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு மருத்துவமனையில் படுத்திருந்தவரிடம் அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அவருக்கு வருகிற கோபம் தேவையற்றது என்று எதிரணியில் யாராவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா?

அப்புறம் விற்பனைக் கணக்கு. எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கைக் காட்டினார். நைக்கியின் கோல்ஃப் பந்து வியாபாரத்தில் டைகரை வைத்துக்கொண்டதுதான் லாபம் என்று அது சொல்வதாகச் சொன்னார். சரிதான். அதே ஆய்வில் இருக்கிற இன்னொரு வரியை நான் சொல்கிறேன்: இந்தச் சர்ச்சையால் அந்தப் பந்து வியாபாரம் சுமார் 1,05,000 வாடிக்கையாளர்களையும் 13 லட்சம் டாலர் லாபத்தையும் இழந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், டைகரை வைத்து விளம்பரம் செய்த நிறுவனங்களின் பங்குதாரர்கள் 500 கோடி முதல் 1,200 கோடி டாலர் வரை இழந்ததாக மதிப்பிட்டார்கள். நாலு நாள் கத்தல் இவ்வளவு செய்யாது.

ஆனால் இந்த எண்களை வைத்து நான் ஜெயிக்க விரும்பவில்லை. விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலுக்குப் பொருந்துகிற காலணி ஒன்றுதான் என்றால், மனம் கசந்தாலும் அதைத்தான் வாங்குவோம். வாங்கியதாலேயே அந்த விளம்பரத்தை ஏற்றுக்கொண்டோம் என்று ஆகாது. வாடிக்கையாளருக்கு அந்த நிறுவனத்தில் இருக்கை இல்லை, வாக்கு இல்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்வது ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. அதையும் தேவையற்றது என்றால் அவருக்கு மிச்சம் பணப்பை மட்டும்தான்.

2019 மாஸ்டர்ஸில் டைகர் ஜெயித்தபோது உலகமே எழுந்து நின்று கைதட்டியதே என்பீர்கள். நானும் மகிழ்ந்தேன். பல முறை முதுகில் அறுவைசிகிச்சை, 11 ஆண்டுகளாகப் பெரிய பட்டம் இல்லை, அதற்குப் பிறகு வந்த வெற்றி. மக்கள் மன்னித்தது அந்த உழைப்பைப் பார்த்து. எந்த விளம்பரத்தைப் பார்த்தும் இல்லை.

மன்னிப்பை விளம்பரத்தால் முன்கூட்டி வாங்கப் பார்த்தபோது என்ன ஆனது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2013 மார்ச்சில் டைகர் மறுபடி உலகின் முதல் இடத்துக்கு வந்தார். உடனே நைக்கி அவர் படத்தைப் போட்டு, வெற்றி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எழுதி இணையத்தில் வெளியிட்டது. அவரே பேட்டிகளில் சொல்லிவந்த வாசகம்தான். ஆனால் உடைந்துபோன ஒரு குடும்பம் பின்னால் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? மூன்று ஆண்டுக்கு முன் அடங்கிய கோபம் மறுபடி கிளம்பியது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். 2010-ல் நைக்கி, என்ன கற்றுக்கொண்டாய் என்று இறந்துபோன அப்பாவின் குரலில் கேட்டது. 2013-ல் அதே நைக்கி, ஜெயித்துவிட்டாய், எல்லாம் சரியாகிவிட்டது என்றது. இந்த இரண்டில் எதை நம்பச் சொல்கிறீர்கள்?